பொட்டுக்கு எட்டுக் கோடு

ஜூன் 9, திங்கள்

மோட்டார் கம்பெனிக்காரன் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. ஐந்து மாதமாக என் கொப்பரைக் களத்து எடைமேடைப் பக்கம் சும்மா கிடந்தது. எங்கள் நாய் பொட்டு விஷயத்தில் எதுவும் மறந்துவிடக் கூடாது என்பதற்காக இன்று முதல் இதில் எழுதுகிறேன்.

ஜூலை இரண்டாம் தேதி நானும் என் வீட்டுக்காரி தெய்வானையும் கோயமுத்தூர் போகிறோம். என் வலது கண்ணில் ஒரு சின்ன வேலை இருக்கிறது. சர்க்கரையால் உள்ளே ரத்தம் கசிந்து திரை இழுத்துக்கொண்டதாம். அதை எடுத்துவிட்டுக் காற்று அடைப்பார்களாம், சைக்கிள் டியூப் மாதிரி. அப்புறம் பத்து நாள் குப்புறப் படுத்தே கிடக்க வேண்டும். சோறு ஊட்ட, சொட்டு மருந்து விட தெய்வானை கூடவே இருக்க வேண்டும். ஆகப் பன்னிரண்டு நாள் காங்கேயத்து வீட்டில் ஆள் கிடையாது.

பொட்டுக்கு ஒன்பது வயது. உடுமலையிலிருந்து வந்த கொப்பரை லாரியில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு வந்த குட்டி. நெற்றியில் கறுப்பாக ஒரு வட்டம். நான் கேட்காமல் வந்த சரக்கைத் திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொண்டது அந்த ஒரு தடவைதான். இரண்டு வருடமாக அதற்குச் சர்க்கரை. காலை ஏழு, மாலை ஏழு, சோறு தின்றதும் ஊசியில் எட்டுக் கோடு வரை இன்சுலின். குறைந்தால் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கும். கூடினால் வலிப்பு வந்து செத்தே போகும் என்று கால்நடை டாக்டர் நாச்சிமுத்து முதல் நாளே சொல்லிவிட்டார். இரண்டு வருடத்தில் ஒரு வேளை தவறியதில்லை. நான்தான் போடுகிறேன். எனக்கும் அதே நேரத்தில் ஊசி உண்டு. முதலில் பொட்டுக்கு, பிறகு எனக்கு. பொட்டு மருந்து நாற்பது பலம், அதற்குச் சிவப்பு மூடி ஊசி. என் மருந்து நூறு பலம், அதற்கு ஆரஞ்சு மூடி. புட்டி இரண்டும் ஒரே அளவு, எழுத்து எறும்பு சைஸ். பொட்டு புட்டியின் கழுத்தில் ஒரு நூல் கட்டி வைத்திருக்கிறேன். சும்மா, ஒரு வசதிக்கு.

மகன் ஓசூரில் அடுக்குமாடியில் இருக்கிறான், மருமகளுக்கு நாய் முடி ஒத்துக்கொள்ளாது. கொப்பரைக் களத்து ஆட்கள் பாசமாகப் பார்த்துக்கொள்வார்கள். பாசத்தில் தேங்காய் பன் போடுவார்கள். அதுதான் பயம்.

தெய்வானைக்குக் கொஞ்ச நாளாக ஒரு பழக்கம். நான் ஊசியில் மருந்து ஏற்றியதும் "குடுங்க, குமிழி இருக்குதான்னு பாக்கறேன்" என்று வாங்கிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போகிறாள். நர்ஸ் படிப்பு முடித்தவள் மாதிரி. பார்த்துவிட்டுப் போகட்டும்.

ஜூன் 12, வியாழன்

கோயமுத்தூரில் ஒரு நாய் ஹாஸ்டல் பார்த்தோம். பொட்டுவையும் கூட்டிப் போயிருந்தேன்.

என் முறை இதுதான். சைக்கிளில் சாக்குக் கட்டித் தோப்புத் தோப்பாகப் போன நாளிலிருந்து, மூட்டையின் மேல்வாயில் இருக்கும் கொப்பரையை நான் பார்த்ததே கிடையாது. மேல்வாயில் எவனும் நல்லதைத்தான் வைப்பான். தலைகீழாகக் கவிழ்த்துக் கொட்டச் சொல்வேன். அடியில் கிடப்பதுதான் சரக்கு. இன்னொன்று, என் தேவை என்ன என்று முன்னால் சொல்ல மாட்டேன். எதிராளி என்ன கேட்கிறான் என்று பார்ப்பேன். கேட்கத் தெரிந்தவனுக்குத்தான் வேலை தெரியும்.

கண்ணாடிக் கதவு, ஏசி, சுவர் முழுக்க நாய்ப் படங்கள். மேஜையில் இருந்த பெண் பொட்டுவைப் பார்த்துச் சிரித்தது.

"எங்க கெஸ்ட்டுக்கு தனி ரூம், டிவி, நீச்சல் குளம் எல்லாம் இருக்கு ஸார்."

"நாய் டிவி பாக்குமாம்மா?"

"ரிலாக்ஸ் ஆகும் ஸார்."

"எங்கூட்டுல நானே பாக்கறதில்ல. பின்னாடி போய் ஒருக்கா பாத்துட்டு வரட்டுமா?"

"விசிட்டர்ஸ் இந்த ஹால் வரைக்கும்தான் ஸார். உள்ளே கேமரா இருக்கு, போன்லயே பாத்துக்கலாம்."

மேல்வாய்.

"செரி, ஊசி போடற நாய் ஒண்ணு இருக்குதுன்னு வெச்சுக்கலாம். ஞாயித்துக்கெழமை காலைல ஏழு மணிக்கு யாரு போடுவாங்க?"

"செக்யூரிட்டி இருப்பார் ஸார். டாக்டர் ஆன் கால்."

"கூப்பிட்டா எத்தினி நேரத்துல வருவாரு?"

அந்தப் பெண் பக்கத்துப் பெண்ணைப் பார்த்தது. பக்கத்துப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தது. நாங்கள் எழுந்துகொண்டோம். தெய்வானை மட்டும் வாசலில் இருந்த பீங்கான் நாயோடு ஒரு போட்டோ எடுக்கச் சொன்னாள். எடுத்தேன். அவள் தலை வரவில்லையாம். வெயில் எதிரில் இருந்தது.

ஜூன் 13, வெள்ளி

பொட்டு இன்று ஊஞ்சல் சங்கிலியில் முகத்தை இடித்துக்கொண்டது. அதன் இடது கண்ணில் பால் மாதிரிப் புரை கட்டிக்கொண்டு வருகிறது. ஊஞ்சல் பலகையைக் கழற்றி மேலே கட்டச் சொல்லிவிட்டேன். நானும் இந்த வாரம் இரண்டு தடவை இடித்துக்கொண்டேன், அது வேறு.

ஜூன் 15, ஞாயிறு

பெருந்துறைப் பக்கம் ஒருவர் நாற்பது நாய் வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். கேட்டுக்கு வெளியிலேயே பினாயில் மூக்கைத் துளைத்தது. கந்தகப் புகை போட்ட கொப்பரை பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், உடைத்தால் உள்ளே பூசணம். தூக்கலான சுத்தத்தைக் கண்டால் எனக்கு எப்போதும் சந்தேகம்.

ஆள் நல்ல ஆள்தான். காபி வாங்கிக் கொடுத்தார்.

"எப்ப வேணும்னாலும் கொண்டாந்து உடுங்க. ஒண்ணும் பிரச்சினை இல்லீங்க."

"தடுப்பூசி அட்டை கொண்டார வேணுமுங்களா?"

"அதெல்லாம் எதுக்குங்க, நம்ம ஆளுக."

என் நாயின் அட்டையைக் கேட்காதவர் பக்கத்துக் கூண்டு நாயின் அட்டையையும் கேட்டிருக்க மாட்டார். பொட்டு காரை விட்டே இறங்கவில்லை. வாலைக் காலுக்குள் விட்டுக்கொண்டு தெய்வானையின் மடியில் ஏற முயன்றது. பதினெட்டுக் கிலோ.

"பொட்டு சொல்லீருச்சு, வண்டிய எடுக்கச் சொல்லுங்க" என்றாள் தெய்வானை.

இப்போதெல்லாம் டிரைவர் வைத்துத்தான் போகிறோம். எனக்கு ஓட்டச் சலிப்பாக இருக்கிறது.

ஜூன் 18, புதன்

டாக்டர் நாச்சிமுத்து தன் கிளினிக்கிலேயே ஆறு கூண்டு வைத்திருக்கிறார். நமக்குத் தெரிந்த ஆள், பொட்டுவை இரண்டு வருடமாகப் பார்க்கிறவர். நேற்றுக் காலை மாதிரிக்கு விட்டேன். சாயங்காலம் போனால் பொட்டு கூண்டின் மூலையில் முகத்தைச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றது. பக்கத்தில் கால் உடைந்த நாய் ஒன்று ஓயாமல் ஊளையிட்டது. சோறு வைத்தது வைத்தபடி இருந்தது.

"தின்னாத நாய்க்கு முழு ஊசி போட முடியாதுங்க" என்றார் டாக்டர். "என்ற எடத்தைப் பத்தி நானே சொல்றேன், இது நோய் பாக்கற எடம், தங்கற எடம் இல்ல. ஊத்துக்குளி ரோட்டுல பியூலா சிஸ்டர்னு ஒருத்தங்க இருக்காங்க. கவர்மெண்ட் ஆஸ்பத்திரில வார்டு சிஸ்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவங்க. ஆறு நாய்க்கு மேல எடுக்க மாட்டாங்க. ஆனா ஒண்ணு, அவங்கதான் உங்களைப் பாப்பாங்க, நீங்க அவங்களைப் பாக்க முடியாது."

எனக்கு அது புரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் பொட்டு ஒரே மூச்சில் தட்டைக் காலி செய்தது.

ஜூன் 19, வியாழன்

போன மாதம் நான் பார்த்து இறக்கிய சரக்கில் இருபது மூட்டை பூசணம் என்று எண்ணெய் மில்லிலிருந்து திரும்பி வந்தது. களத்தில் டியூப்லைட்டை மாற்றச் சொன்னேன்.

ஜூன் 20, வெள்ளி

எழுதவே எரிச்சலாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

பியூலா சிஸ்டர் வீடு ரோட்டை விட்டு உள்ளே, சோளக்காட்டுக்குப் பக்கத்தில். ஓட்டு வீட்டுக்குப் பின்னால் ஆறு அறைகள், இடுப்பளவுச் சுவர், மேலே கம்பி. ஒவ்வொரு அறை வாசலிலும் பள்ளிக்கூடத்துச் சிலேட்டு ஒன்று தொங்கியது. காலை என்ன தின்றது, எவ்வளவு குடித்தது, எத்தனை தடவை வெளிக்குப் போனது. எல்லாம் அவர் கணவர் ஜெபராஜ் எழுதுவது. அவர் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். நாங்கள் நின்றபோது கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து இரண்டு தடவை ஊதினார். ஐந்து நாய்களும் தட்டுக்கு ஓடின. ஒரு விசில் ஊதினார், எல்லாம் நின்றன.

"சில்லறை மட்டும்தான் கேக்கறதில்ல" என்றார்.

நானே பின்பக்கம் போய்ப் பார்க்கட்டுமா என்று கேட்கும் முன்பே சிஸ்டர் கூட்டிப் போனார். தண்ணீர்ச் சட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்தேன், வழுக்கவில்லை. நாய்கள் இருக்கிற வாசம் இருந்தது, பினாயில் இல்லை. எனக்குப் பிடித்துவிட்டது. பிடித்துவிட்டதைக் காட்டிக்கொள்ளவில்லை.

சிஸ்டர் பொட்டுவை விட்டு என்னைப் பார்த்தார். அறுபது வயது இருக்கும், ஒல்லி, குரல் மட்டும் வார்டு முழுக்கக் கேட்கிற குரல்.

"ஏனுங்கண்ணா, நாய்க்கு ஏதாச்சும் தொந்தரவு இருக்குதுங்களா?"

"ஒண்ணுமில்லீங்க, நல்ல நாய்" என்றேன். மேலே என்ன கேட்கிறார் என்று பார்க்கத்தான்.

அவர் கீழே உட்கார்ந்து பொட்டுவின் கண் இமையை விரித்துப் பார்த்தார். வாயருகே முகர்ந்தார். கழுத்துத் தோலைப் பிடித்துத் தூக்கி, தடவித் தடவி ஏதோ தேடினார். அதற்குள் பொட்டு அங்கிருந்த சட்டியை இரண்டாவது தடவையும் நக்கித் தீர்த்துவிட்டது. வண்டியில் வந்த சூடு.

"சர்க்கரைதானுங்க?" என்றார். "தெனம் ரெண்டு ஊசி போடற தோலு இது."

"ஆமாங்க. நீங்க கண்டுபுடிக்கறீங்களான்னு பாத்தேன்."

"பரிட்சை எனக்குங்களா, நாய்க்குங்களா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நான் கண்டுபுடிக்கலீன்னா சொல்லாமயே உட்டுட்டுப் போயிருப்பீங்களா?"

"அதெப்படிங்க, சொல்லியிருப்பேன்."

"எப்ப?"

நான் பொட்டுவின் கழுத்துப் பட்டையைச் சரி செய்தேன்.

"மறைக்கறவங்க நாயை நான் எடுக்கறதில்லீங்கண்ணா. ஒண்ணை மறைச்சவரு ரெண்டாவதையும் மறைப்பாரு. வார்டுல முப்பது வருசம் பாத்துட்டேன். தப்பா நெனச்சுக்காதீங்க, மோர் குடிச்சுட்டுப் போங்க."

மோர் நன்றாக இருந்தது. அது இன்னும் எரிச்சல்.

ஜூன் 21, சனி

முப்பத்தெட்டு வருடத் தொழிலில் என்னை இப்படி யாரும் வாசலிலேயே திருப்பி அனுப்பியதில்லை.

"அதென்ன அப்படியொரு பேச்சு அந்தம்மாவுக்கு" என்று காலையிலிருந்து நான்கு தடவை சொல்லிவிட்டேன். ஐந்தாவது தடவை தெய்வானை கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்:

"நீங்க என்ன பண்ணுனீங்க? அடியில இருக்கறத மறைச்சுட்டு மேல்வாயக் காட்டுனீங்க. அந்தம்மா கவுத்துக் கொட்டிப் பாத்துருச்சு. நீங்க செஞ்சா தொழிலு, அவங்க செஞ்சா திமிரா?"

"நான் பொட்டுக்காகத்தான் பாத்தேன்."

"அவங்களும் பொட்டுக்காகத்தான் பாத்தாங்க."

பொட்டு எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. அதன் பெயர் வருகிறதே தவிரச் சோறு வரவில்லை என்று கீரைத் தண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

ஜூன் 23, திங்கள்

டாக்டர் சீட்டு, ரத்தப் பரிசோதனைக் காகிதம், தடுப்பூசி அட்டை, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் போனோம். பையைச் சிஸ்டர் முன்னால் வைத்து, "கொட்டிப் பாத்துக்கங்க சிஸ்டர்" என்றேன். என் வாழ்க்கையில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

ஒரு மணி நேரம் கேட்டார். எந்தப் பக்கம் படுக்கும், இடிக்குப் பயப்படுமா, சர்க்கரை இறங்கினால் முதலில் என்ன செய்யும். பின்னங்கால் தள்ளாடும் என்றேன். தேனை எடுத்து ஈறில் தடவுவேன் என்றேன். தலையை ஆட்டினார். எனக்குப் பாஸ் மார்க் வாங்கியது போல இருந்தது.

"ஊசி யாருங்க போடறது?"

"நான்தானுங்க."

"கண்ணுல ஆபரேசன்னு சொன்னீங்க. கோடு தெரியுதுங்களா?"

"அதெல்லாம் நல்லாத் தெரியுது. இந்த வேலை வலது கண்ணுல. இடது கண்ணு கழுகுக் கண்ணு."

தெய்வானை சேலைத் தலைப்பில் ஏதோ கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஏதாவது சொல்வாள் என்று சிஸ்டர் அவளையே பார்த்தார். பிறகு, "வியாழக்கெழமை ஒரு ராத்திரி உட்டுப் பாருங்க. தின்னா எடுத்துக்கறேன். தின்னலீன்னா நீங்களே கேட்டாலும் எடுக்க மாட்டேன்" என்றார்.

விலை கடைசியில்தான் கேட்பது என் வழக்கம். இன்று கேட்கவே மறந்துவிட்டேன்.

ஜூன் 27, வெள்ளி

பொட்டு இல்லாமல் ஒரு காலை. ஏழு மணிக்குக் கை தானாகப் பொட்டு தட்டை எடுத்துவிட்டது. எடுத்ததைக் கழுவி வைத்தேன்.

ஏழரைக்கு ஜெபராஜ் போன் செய்தார். "ரெண்டு விசில் குடுத்தனுங்க, மொதல்ல ஓடியாந்தது உங்க பொட்டுதான். இந்தா, சிலேட்டுல எழுதியாச்சு: முழுசும் தின்னது."

சந்தோஷம்தான். கொஞ்சமாவது முரண்டு பிடித்திருக்கலாம்.

ஜூலை 1, செவ்வாய்

பொட்டுக்குப் பை கட்டினேன். அதன் சாக்கு விரிப்பு, தட்டு, பச்சைப் பந்து, தேன் பாட்டில், சிவப்பு மூடி ஊசி முப்பது. ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் மருந்து. எனக்கும் அதற்கும் புதுப் புட்டி வாங்கி வந்திருந்தேன். பொட்டு புட்டியின் கழுத்தில் நானே நூல் கட்டினேன். "நான் ஒருக்கா பாத்து வெக்கறேன், இங்க குடுங்க" என்று தெய்வானை வந்தாள். "ஏன், எனக்குப் பை கட்டத் தெரியாதா? நீ உன்ற துணிமணிய எடுத்து வெய்யி" என்று அனுப்பிவிட்டேன்.

ஒரு பையை ஒருவர் கட்டினால்தான் ஒழுங்காக இருக்கும்.

ஜூலை 2, புதன்

காலை பதினொரு மணிக்குப் பொட்டுவை விட்டோம். சிஸ்டர் பையை வாங்கி, "இருங்க, உங்க முன்னாடியே பிரிச்சுப் பாத்தர்றேன்" என்றார். "எல்லாம் நானே பாத்து வெச்சதுங்க. மூணு மணிக்குள்ள ஆஸ்பத்திரில இருக்கோணும்" என்று கிளம்பிவிட்டேன். உண்மையில் நேரம் இருந்தது. பொட்டு கம்பி வழியாக மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது, அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

சாயங்காலம் ஆறரைக்குக் கோயமுத்தூர் அறையில் தெய்வானையின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏனுங்கண்ணா, பொட்டு புட்டியில நூல் கட்டுனது நீங்கதானுங்களா?"

"ஆமாங் சிஸ்டர்."

"அதுல நூறுன்னு போட்டிருக்குது. ஊசி செவப்பு மூடி, நாப்பதுக்கு உள்ளது. டாக்டர் சீட்டுலயும் நாப்பதுன்னுதான் இருக்குது. இந்த மருந்த இந்த ஊசில எட்டுக் கோடு ஏத்துனா எட்டுக்குப் பதிலா இருவது போயிருமுங்க."

நான் போன் பக்கம் குனிந்தேன். பின்னால் ஜெபராஜின் விசில் கேட்டது.

"சிஸ்டர், போட்டுட்டீங்களா?"

"போட்டிருந்தா இப்படிப் பேசீட்டா இருப்பேன்? யாரு குடுத்த பையா இருந்தாலும் கட்டில்ல கவுத்துக் கொட்டி ஒவ்வொண்ணா வாய்விட்டுப் படிப்பேன், அவரு சிலேட்டுல எழுதுவாரு. அதுக்கப்பறந்தான் ஊசி. அவரு ஊத்துக்குளிக்கு வண்டில போயி நாப்பது வாங்கிட்டு வந்துட்டாரு. பொட்டு சோறு தின்னுட்டு இருக்குது."

நான் சொன்னேன்: "சும்மா ஒரு பரிட்சைக்குத்தானுங் சிஸ்டர் வெச்சேன்."

அந்தப் பக்கம் ஒரு விசில் கேட்டது.

"அப்படிங்களா" என்றார். "செரிங்க. கண்ணுக்கு நல்லபடியா ஆகட்டும். ஜெபம் பண்ணிக்கறேன்."

தெய்வானை என் பையிலிருந்த புட்டியை எடுத்து ஜன்னலுக்குப் போனாள். நாற்பது. பொட்டு மருந்து என்னிடம் இருந்தது.

பரிட்சைதான். அப்படியே இருக்கட்டும்.

ஜூலை 4, வெள்ளி

(நேற்று ஆபரேஷன் முடிந்தது. அவர் குப்புறப் படுத்துக்கொண்டு சொல்கிறார், நான் எழுதுகிறேன். தெய்வானை.)

ஆபரேஷன் வலிக்கவில்லை. தலை வைக்கும் இடத்தில் ஓட்டை போட்ட ஒரு பெஞ்சு கொடுத்திருக்கிறார்கள். அதில் முகத்தை வைத்துக்கொண்டு தரையைப் பார்க்க வேண்டும். தரையில் பதினாறு டைல்ஸ் இருக்கிறது. (பன்னிரண்டுதான். தெ.) டாக்டர் பெண் நல்ல மாதிரி. என் இன்சுலின் ஆஸ்பத்திரிக்காரர்களே போட்டுவிடுகிறார்கள். பொட்டு காலையில் முழுசும் தின்றது. சிஸ்டர் திறமைசாலி, நான் வைத்த பரிட்சையில் ஜெயித்தவர் என்று எழுது. (எழுதச் சொன்னார், எழுதினேன். தெ.)

ஜூலை 6, ஞாயிறு

பொட்டு பச்சைப் பந்தை யாருக்கும் கொடுப்பதில்லையாம். சர்க்கரை அளவாக இருக்கிறதாம். எனக்குக் கழுத்து வலி. (இவரும் யாருக்கும் போனைக் கொடுப்பதில்லை. குப்புறப் படுத்தபடி சிஸ்டரோடு அரை மணி நேரம் பேச்சு. தெ.)

ஜூலை 9, புதன்

அவர் மத்தியானம் தூங்குகிறார். இது நானாக எழுதுவது.

சித்திரை மாதத்திலிருந்து அவருக்குக் கோடு தெரியவில்லை. எட்டு என்று அவர் ஏற்றியதில் ஆறு இருக்கும், பத்து இருக்கும். ஒரு நாள் பதினான்கு இருந்தது. அன்றிலிருந்துதான் குமிழி பார்க்கிறேன் என்று வாங்க ஆரம்பித்தேன். ஜன்னல் பக்கம் திரும்பி நின்று பொட்டு ஊசியையும் அவர் ஊசியையும் சரி செய்து கொடுப்பேன். அவர் போடுவார். பொட்டும் அவர் கைக்குத்தான் கழுத்தைக் காட்டும்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் ஊசியைக் கீழே வைத்துவிடுவார், அப்புறம் எடுக்க மாட்டார். களத்தில் பூசண மூட்டை திரும்பி வந்த நாளில் கொப்பரையைக் கையில் எடுப்பதையே விட்டுவிட்டார். முகர்ந்து மட்டும் பார்க்கிறார், டியூப்லைட்டைத் திட்டுகிறார். காலையில் எழுந்ததும் அவருக்கு மிச்சமிருக்கிற நிச்சயமான வேலை பொட்டுக்கு ஊசி போடுவது. அதை எப்படிப் பிடுங்குவது?

ஆனால் அன்று பையை நான் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். சிஸ்டர் கேட்ட அன்று சேலைக் கறையைத் தேய்க்காமல் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒன்றை மறைத்தவர் இரண்டாவதையும் மறைப்பார் என்று சிஸ்டர் சொன்னது இவரை. எனக்கும்தான் அது.

கண் தெரிந்ததும் இதைப் படிப்பார். படிக்கட்டும்.

ஜூலை 12, சனி

நானே எழுதுகிறேன், இடது கண்ணால். எழுத்து கோணினால் கோணட்டும். இனி நிமிர்ந்து உட்காரலாம் என்றார்கள். வலது கண்ணுக்குள் பாதிப் புட்டியில் தண்ணீர் நிற்பது போல ஒரு கோடு ஆடுகிறது. கோட்டுக்கு மேல் கொஞ்சம் தெரிகிறது. காற்று வற்ற வற்றக் கோடு இறங்குமாம். இடது கண்ணுக்கும் ஒரு வேலை இருக்கிறது, அது ஆவணியில். முந்தைய பக்கங்களை இன்னும் படிக்கவில்லை, எழுத்து பொடியாக இருக்கிறது.

ஜூலை 14, திங்கள்

ஊத்துக்குளி ரோட்டில் கார் திரும்பியதும் தெய்வானை கண்ணாடியை இறக்கினாள். நான் பச்சைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு இறங்கினேன். ஜெபராஜ் என்னைப் பார்த்துவிட்டு இரண்டு விசில் ஊதினார்.

பொட்டு வந்தது. அறையிலிருந்து நேராக வரவில்லை, சுவரை உரசிக்கொண்டே வந்து, திரும்பும் இடத்தில் நின்று மோப்பம் பிடித்து, அப்புறம் ஓடி வந்தது. நான் குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். குனியவில்லை, தரையில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர்க் கோட்டுக்கு மேலே அதன் நெற்றியின் கறுப்பு வட்டம் மட்டும் ஆடிக்கொண்டே தெரிந்தது. பொட்டு என் காது, கழுத்து, சட்டைப் பை எல்லாவற்றையும் சோதித்தது. பச்சைப் பந்தைக் கொண்டு வந்து மடியில் வைத்தது.

"எங்களைப் பன்னெண்டு நாளா அதைத் தொட உடலீங்க" என்றார் ஜெபராஜ்.

சிஸ்டர் என் பக்கத்தில் வந்து திண்டில் உட்கார்ந்தார். தெய்வானை சிலேட்டைப் படித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சமயத்தில் சொன்னேன்.

"சிஸ்டர், அன்னிக்கு அது பரிட்சை இல்லீங்க."

"தெரியுமுங்கண்ணா."

"எப்படிங்க?"

"பரிட்சை வெக்கறப்ப உங்க மூஞ்சி எப்படி இருக்குமுன்னு மொத நாளே பாத்துட்டேன். அன்னிக்குப் போன்ல கேட்டது வேற கொரலு."

பொட்டுவின் காதைத் தடவிக்கொண்டே இருந்தேன். வேறு என்ன செய்ய.

"அடுத்து எடது கண்ணு எப்பங்க?"

"ஆவணிலீங்க."

"அந்த ரூமைப் பொட்டுக்கு வெச்சுடறேன். பையை மட்டும் பிரிச்சுக் காட்டிப்போட்டுத்தான் போகோணும்."

கிளம்பும்போது ஜெபராஜ் ஒரு விசிலைக் கொடுத்தார், பழையது, கயிறு புதுசு. "கண்ணு செரியாத் தெரியற வரைக்கும் அதுக்கும் ஒதவும், உங்களுக்கும் ஒதவும்" என்றார்.

ஜூலை 16, புதன்

நேற்று மத்தியானம் தெய்வானை சந்தைக்குப் போயிருந்தபோது பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு முந்தைய பக்கங்களைப் படித்தேன். ஒன்பதாம் தேதிப் பக்கத்தைப் படிக்க அரை மணி நேரம் ஆனது. எழுத்து பொடி என்பதால் மட்டுமல்ல. படித்ததாக அவளிடம் சொல்லவில்லை. களத்துக்குப் போய் மேஸ்திரியிடம், இனி சரக்கை நீயும் கூட நின்று பார், நான் முகர்கிறேன், நீ உடைத்துப் பார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இன்று காலை ஏழு மணிக்கு இரண்டு விசில் ஊதினேன். தெருவே எட்டிப் பார்த்தது. பொட்டு வந்து தின்றது. சிவப்பு மூடியைக் கழற்றினேன். நூல் கட்டிய புட்டியைக் கையில் உருட்டி மருந்தை ஏற்றினேன்.

தெய்வானை அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக அவள்தான் வந்து கேட்பாள். இன்று நான் ஊசியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய் அவளிடம் நீட்டினேன்.

"குமிழி இருக்குதான்னு பாரு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, ஊசியை வாங்கி ஜன்னலுக்குப் போனாள். இந்தத் தடவை முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கவில்லை, என் பக்கம் திரும்பியே நின்றாள்.

"ரெண்டு குமிழி இருக்குதுங்க" என்றாள்.

"எடுத்துரு" என்றேன்.

எடுத்தாள். ஊசி என் கைக்கு வந்தது. பொட்டு தட்டிலிருந்து தலையை எடுக்காமலே கழுத்தைக் காட்டியது.